அம்மா காய் பொறுக்கிய ஏசி கடை

அம்மா ஏசி கடையில் காய்கறி வாங்க ஆரம்பித்தபோது எங்கள் சந்தில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. மந்தைவெளியில் பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா கிண்டியில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். நான் நான்காம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு.

சாயங்காலம் விளக்கு போடும் நேரத்துக்குச் சந்து முனையில் காய்கறித் தள்ளுவண்டி வந்து நிற்கும். அந்த வண்டிக்காரரோடு சண்டை போடாமல் அம்மா ஒருநாளும் காய் வாங்கியதில்லை. அவர் ஒரு கத்தரிக்காயைத் தராசில் போட்டால் இவள் அதை எடுத்து வெளியே வைப்பாள். அவர் திரும்பப் போடுவார். இரண்டு பேருக்குமே இந்தச் சண்டை பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு வைத்து சூப்பர் மார்க்கெட் திறந்தபோது அம்மா வண்டிக்காரர் பக்கம்தான் பேசினாள். "பொணத்த ஐஸ்ல வச்சிகிற மாதிரி காய வச்சிகினு கீறானுங்க. அத்த போயி வாங்குவாங்களா?" என்றாள்.

அப்படிச் சொன்னவள் கொஞ்ச நாளிலேயே அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். துணைக்கு நான். அப்பா வீட்டில் அந்தக் கடையின் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, பெரிய இடத்துப் பொம்பள ஆயிட்டியா?" என்று கேட்டார். "அங்க எவனும் அவசரப்படுத்த மாட்டான். நின்னு நிதானமா கையால எடுத்துப் பாக்கலாம்" என்றாள் அம்மா. அவள் சொன்னது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. வண்டி வருவது இருட்டுகிற நேரத்தில். கடையிலோ எந்த நேரமும் பட்டப்பகல்போல வெளிச்சம். கூரை முழுக்கக் குழல் விளக்குகள். அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஏசி இல்லை, அந்த வெளிச்சம்.

அதே சமயத்தில்தான் அவள் ஜாக்கெட் துணிகளைத் திருப்பிக் கொடுக்கவும் தொடங்கினாள். கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றாள். அதற்கு முன்பே ஊசியில் நூல் கோர்க்கிற வேலை எனக்கு வந்துவிட்டிருந்தது. அதைப் பெரிய மனுஷி வேலை என்று நினைத்து நான் பெருமையாகச் செய்தேன்.

கடையில் அம்மா காய் பொறுக்குவதை மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள். வெண்டைக்காயின் நுனியைக் கட்டை விரலால் வளைப்பாள். உடைக்காதீர்கள் என்று அங்கே எழுதி ஒட்டியிருந்ததால் உடையப்போகிற இடம் வரைக்கும் வளைத்து விட்டுவிடுவாள். எவ்வளவு வளைந்தது என்பதிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும். சுரைக்காயில் நகத்தை லேசாக வைத்துப் பார்ப்பாள். முருங்கைக்காயை முறுக்குவாள். கொத்தமல்லிக் கட்டைத் தலைகீழாகப் பிடித்து வேரை மோந்து பார்ப்பாள். மேலே எவ்வளவு தண்ணீர் தெளித்திருந்தாலும் அழுகல் வேரில் வாசம் காட்டிவிடும் என்பாள். ஆப்பிளில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டி அடியில் விரலை வைத்துத் தடவுவாள். அடிபட்ட இடத்தை மறைக்கத்தான் அங்கே ஒட்டுகிறார்கள் என்று அவளுக்கு ஒரு தீராத சந்தேகம். பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருக்கும் காய்களை மட்டும் அவள் தொடவே மாட்டாள்.

கையாலும் மூக்காலும் தெரியாதவை எல்லாம் என் பங்கு.

"இன்னா கலருடி இது?"

"பச்சை."

"பச்சைன்னா? நம்ம ஜன்னல் மாதிரியா, கிளி மாதிரியா?"

"கிளி மாதிரி."

"புள்ளி எதாச்சும் கீதா, பாரு."

நான் பார்ப்பேன். திராட்சையின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, தக்காளியின் காம்பைச் சுற்றிக் கறுத்திருக்கிறதா, உருளைக்கிழங்கில் எங்காவது பச்சை பாய்ந்திருக்கிறதா என்று நான் சொல்லச் சொல்ல அவள் கூடையில் போடுவாள், அல்லது திரும்ப வைப்பாள். என் பேச்சைக் கேட்டு ஒரு பெரிய மனுஷி முடிவெடுப்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய கௌரவம்! பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், எங்கள் வீட்டில் காய் வாங்குவது நான்தான் என்று.

காய்கறிப் பகுதியில் ஒரு அக்கா வேலை செய்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருப்பாள். வீடு நொச்சிக்குப்பம், அவளுடைய அம்மா ரோட்டோரத்தில் மீன் விற்கிறவர். ஆரம்பத்தில் அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தவள் பிறகு சிநேகமாகிவிட்டாள். "எங்க அம்மா மீன செவுள தூக்கித்தான் பாக்க சொல்லும். நீ காய அந்த மாதிரி பாக்கறக்கா" என்று ஒருநாள் சொன்னாள். அம்மாவுக்கு அதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னாள்.

ஒருநாள் அந்த அக்காவுக்கு முன்னால்தான் அது நடந்தது. சாத்துக்குடிகளைக் கோபுரம்போல அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா கூடையோடு நேராக நடந்து போய் அதன் மேல் மோதினாள். இடறி விழவில்லை, வழுக்கவும் இல்லை. பக்கவாட்டில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவள்போலத் தோளால் போய் இடித்தாள். சாத்துக்குடிகள் உருண்டு பில் போடும் இடம் வரைக்கும் ஓடின. ஒரு சின்னப் பையன் கைதட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

"இன்னாக்கா, எம்மாம் பெருசு கீது, பாத்து வரக்கூடாதா?" என்று அந்த அக்கா ஓடிவந்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து பழங்களைப் பொறுக்கினாள். அம்மா செருப்பைக் கழற்றி உதறி, "வார் அறுந்துபோச்சு" என்றாள். வார் அறுந்திருக்கவில்லை. நான் அதைச் சொல்லவும் செய்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், சில வருடங்களுக்கு முன்பே அந்த வேலையை விட்டுவிட்டார். அவர் எங்கே போனாலும் அத்தையின் தோளில் கை போட்டுக்கொண்டே நடப்பார். சினிமாவில் வருகிற ஜோடிபோல இருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்குக் கண் தெரியாது என்பது தெரியும். ஆனால் அது வயதானவர்களுக்கு முடி நரைப்பதைப்போல ஒன்று என்று எண்ணியிருந்தேன். மாமாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது.

அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். மாமாவும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் வாசற்படியில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் ராத்திரிலதான் மொதல்ல ஆரம்பிச்சிச்சி. அப்பால ரெண்டு ஓரமும் மூடிகினே வந்துது. நீ இன்னும் எத்தினி நாளு மறைப்ப?"

"சொல்றேண்ணா. அவரு தாங்க மாட்டாரு."

"அத்த விடு. பசங்களப் பாத்தியா நீ? டாக்டரு எங்கிட்ட அப்பவே சொன்னாரு. சொந்தத்துல கட்டினவங்க பசங்களப் பாக்கணும்னு."

குக்கர் விசில் வந்தது. அப்பா அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன். அந்த உறவில் என்ன தப்பு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமா கிளம்பும்போது என் தலையைத் தேடித் தடவி, "பாப்பா நல்லா பட்ச்சிகினு கீதா?" என்று கேட்டார்.

அதன் பிறகு கடையில் எங்கள் விளையாட்டின் விதி மாறியது. அம்மா எனக்கு எதிரே நின்றுகொள்வாள். "நேரா என் மூக்கப் பாரு. கண்ணத் திருப்பக் கூடாது. திருப்பினா அவுட்டு" என்பாள். பிறகு ஒரு கையைத் தன் காதுக்கு அப்பால் நீட்டி, அதில் ஏதாவது ஒரு காயைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்பக்கமாகக் கொண்டுவருவாள். என்ன காய் என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு இது முந்தைய விளையாட்டைவிட நூறு மடங்கு பிடித்திருந்தது. அவள் கை அசைவதற்குள்ளேயே சொல்லிவிடுவேன். கேரட். பீட்ரூட். எலுமிச்சை. இடது பக்கம், வலது பக்கம், மேலே, கீழே. ஒவ்வொரு தடவை நான் சரியாகச் சொல்லும்போதும் அம்மா பெரிய மூச்சாக விட்டுச் சிரிப்பாள். போகிற வருகிறவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள்.

தம்பியை மட்டும் அவள் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஓடி விளையாடி எதையாவது தள்ளிவிடுவான் என்று அடுத்த போர்ஷன் ஆயாவிடம் விட்டுவிட்டு வருவாள். அதிலும் உண்மை இருந்தது. அவன் எதையும் தள்ளிவிடாமல் நடந்ததே இல்லை. தண்ணீர்க் குடம், அப்பாவின் டிபன் பாக்ஸ், ஒருமுறை சாம்பார்ச் சட்டி. கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுவான். "எரும மாதிரி வந்து இடிக்கிறான் பாரு" என்று அப்பா அவன் முதுகில் ஒன்று வைப்பார். முன்பெல்லாம் அம்மாவும் சேர்ந்து திட்டுவாள். மாமா வந்துபோன பிறகு, "அவன அடிக்காதீங்க" என்று குறுக்கே வந்து நிற்கத் தொடங்கினாள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம், அம்மா தம்பிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டிவிட்டாள். கடைக்குப் போவதற்கு எதற்குப் புதுச் சட்டை என்று நான் கேட்டேன். "போட்டும் போ" என்றாள். வழியெல்லாம் அவன் கையை விடவே இல்லை.

மத்தியானம் என்பதால் கடையில் கூட்டமில்லை. ஆரஞ்சு சட்டை அக்கா வாடிய கீரைக் கட்டுகளைப் பிரித்து ஒரு டிரேயில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா முதலில் என்னோடு விளையாடினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தம்பியை எதிரே நிறுத்தி, விதியை நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். அவன் ரொம்பச் சமர்த்தாக, கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா ஒரு தக்காளியை எடுத்தாள். நல்ல சிவப்பு. அந்தப் பக்கமாகப் போகிற யாருக்கும் தெரியக்கூடிய சிவப்பு. கையை நீட்டினாள்.

"இன்னா காய், சொல்லு."

அவன் பேசாமல் இருந்தான். அம்மா கையைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தோளுக்கு நேராக வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், தெரியலியா?" என்றேன். "நீ சும்மா இரு" என்று அம்மா சொன்ன குரல் எனக்குப் புதிதாக இருந்தது. தக்காளி காதுக்கு வந்தது. கன்னத்துக்கு வந்தது. அவளுடைய மூக்கின் பக்கத்தில் வந்த பிறகுதான் தம்பி, "தக்காளி!" என்று கத்திக்கொண்டு குதித்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு.

அம்மா இன்னொரு பக்கம் செய்தாள். பிறகு மேலே. பிறகு திரும்பவும் முதல் பக்கம். இந்தத் தடவை வெள்ளரிக்காய், அப்புறம் முள்ளங்கி. எதுவுமே முகத்துக்கு நேராக வரும்வரை அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவனுக்கே விளையாட்டு அலுத்து, "ம்மா, நீ கைய ஒளிச்சி வச்சிக்கற. போங்காட்டம்" என்று அழ ஆரம்பித்தான்.

நானோ, "நான் ஜெயிச்சேன், நான் ஜெயிச்சேன்" என்று வெங்காயத் தொட்டியைச் சுற்றி ஓடினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆரஞ்சு சட்டை அக்கா ஓடிவந்து, "இன்னாக்கா, மயக்கமா? தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அக்காவும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்து, எதிரில் இருந்த தக்காளிகளைக் கைக்கு வந்தபடி அள்ளிக் கூடையில் போட்டாள். அழுத்திப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. என்னிடமும் எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வந்து பையைக் கவிழ்த்தார். பாதித் தக்காளிகள் வெடித்துச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தன. அம்மா வாங்கிய பையிலிருந்து அழுகல் காய் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. அப்பா சிரித்துக்கொண்டே, "இன்னாமே, கண்ண மூடிகினா பொறுக்கின?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அம்மா. பிறகு, "உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

எங்களை ஆயா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அம்மா சுவரோரமாகப் படுத்திருந்தாள். அப்பா அரிவாள்மனையில் உட்கார்ந்து, வெடித்த தக்காளிகளில் கெட்ட பகுதியை அரிந்து எடுத்துவிட்டு, நல்லதைத் தனியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் சமையலறைப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. தம்பி வழக்கம்போல ஓடிவந்து அவர் காலில் இடித்துக்கொண்டு விழுந்தான். அப்பா கையை ஓங்கவில்லை. அவனைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு துண்டு தக்காளியை அவன் வாயில் வைத்தார்.

பிறகு கண் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். எங்கள் எல்லோருக்கும் கண்ணில் மருந்து ஊற்றி உட்காரவைத்தார்கள். டாக்டர் ஒரு காகிதத்தில் தாத்தாவிலிருந்து தொடங்கிக் கோடு இழுத்து எங்கள் குடும்பத்தை வரைந்து காட்டினாராம். அப்பா அதைப் பற்றிப் பல வருடங்கள் கழித்துத்தான் என்னிடம் பேசினார். "அவ எங்க மாமா பொண்ணு. சின்ன வயசுலேர்ந்து அவளத்தான் கட்டிக்குவேன்னு நெனச்சிகினு இருந்தேன். அது தப்புன்னு எனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடத்தில் அம்மாவுக்கு மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. தம்பிக்கு அவ்வளவு வேகமாக வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பெரிய எழுத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு முடித்தான். இப்போது அடையாறில் ஒரு அலுவலகத்தில், எழுத்தைப் படித்துச் சொல்கிற கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான். யாரும் கைபிடிப்பதை அவன் விரும்புவதில்லை. ஒருநாள் அவனுக்கும் எல்லாம் இருட்டாகிவிடுமோ என்று நாங்கள் பயப்படுவதையெல்லாம் பேச விடுவதும் இல்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், என் கண் நல்ல கண். அதை நினைத்துச் சந்தோஷப்படுவதற்கு எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் வந்தவை. அந்த மத்தியானம் கடையிலிருந்து வெளியே வந்தபோது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று. போட்டியில் ஜெயித்தது நான். வழியில் பெட்டிக்கடையில் அம்மா ஒரு மிட்டாய் வாங்கினாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவள் அதைப் பிரித்துத் தம்பியின் வாயில் போட்டாள்.

"நான்தானே ஜெயிச்சேன்!" என்று நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

நல்ல வெயில். தார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை விட்டு ஒதுங்கிப் போனது. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு எதிரே மண்டி போட்டாள். இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் இரண்டு கண்களிலும் முத்தம் கொடுத்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"ஜெயிச்சிட்டடி என் கண்ணு" என்றாள். "நீயாவது ஜெயிச்சியே."

அந்த 'ஆவது' எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஜெயித்தவளுக்கு மிட்டாய் கிடையாது, தோற்றவனுக்கு உண்டு, இது என்ன நியாயம் என்று இருந்தது. இமையில் ஒட்டியிருந்த ஈரத்தைப் பாவாடையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் அவர்கள் இரண்டு பேரோடும் பேசாமல் முன்னால் நடந்து போனேன்.